பேய் கிள்ளிய புள்ளிகள்

அந்த வட்டாரத்துப் பேய்கள் திடீரென்று கிள்ளத் தொடங்கியிருந்தன. அடிக்கவில்லை, அறையவில்லை. கிள்ளின! உடம்பில் எங்கே சிவந்தாலும் "பேய் கை வெச்சிருக்கு" என்று சொல்ல ஒருவர் வந்து இறங்கியிருந்தார். கண்ணாடிச் சாமியார். வட்டக் கண்ணாடியைச் சிவப்பின் மேல் அழுத்துவார். சிவப்பு மறையும். "ஓடிட்டான்!" என்பார். கூட்டத்துக்குப் புல்லரிக்கும். கண்ணாடியை எடுத்ததும் சிவப்பு திரும்புவதைப் பார்க்க யாருக்கு நேரம்? அதற்குள் அடுத்த ஆள் உட்கார்ந்திருப்பார்.

தையல் கம்பெனியில் சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவளும் வரிசையில் நின்றாள். ஒரு வாரமாகக் கால் முழுக்கக் குண்டூசி குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள். எங்கும் இடித்துக்கொள்ளாமலே தொடையில் நீலத் திட்டு. பல் துலக்கினால் ரத்தம். பயத்தில் சோறு இறங்கவில்லை. துணைக்கு வந்த நாத்தனார் மருத்துவமனையில் நர்ஸ். வழியெல்லாம் திட்டிக்கொண்டேதான் வந்தாள்.

சாமியார் அழுத்தினார். புள்ளிகள் மறையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். ம்ஹூம்.

"இது பிடிவாதக்காரப் பேய்மா. நாப்பது நாள் பொடி சாப்பிடணும்."

"இருங்க சாமி," என்ற நாத்தனார், தண்ணீர்ப் பானைமேல் இருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் வியர்க்குரு முதுகில் அழுத்தினாள். சிவப்பு மறைந்தது. எடுத்தாள். வந்துவிட்டது.

"பேய் டம்ளருக்குமா பயப்படுது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"குழாய்க்குள்ள ஓடுற ரத்தம் அழுத்தினா விலகும். தோலுக்கடியில கசிஞ்ச ரத்தம் எங்க போகும்? இடிச்சா கன்னிப்போறதும் கசிவுதான். வயசானா தோல் மெலிஞ்சும் வரும், சில மாத்திரையாலயும் வரும். ஒண்ணுமே இல்லாம இப்படிப் புள்ளி புள்ளியா வந்தா உள்ள ஏதோ கோளாறு. எந்திரிங்க அண்ணி!"

"சாமி குத்தம் ஆயிடும்!" என்றார் சாமியார்.

"அப்ப அந்தப் பொடிய நீங்க ஒரு வாய் போடுங்க."

சாமியாருக்கு அவசரமாக இருமல் வந்தது.

அன்றே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அதலபாதாளத்தில். "நாப்பது நாளா? மூளைக்குள்ள கசிஞ்சிருந்தா?" என்றார் பொடிக் கதையைக் கேட்ட டாக்டர். மருந்துக்குக் கேட்டது, மூன்றாவது வாரம் கால் தெளிந்தது.

வேலைக்குத் திரும்பியதும் பக்கத்து மிஷின்காரி கேட்டாள்: "ஏன்க்கா, சாமியார்கிட்ட வரிசையில நின்ன அத்தன பேரும் முட்டாளா?"

"முட்டாள் இல்லடி. யோசிக்கிற வேலைய பக்கத்துல நிக்கிறவங்க பாத்துக்குவாங்கன்னு ஒவ்வொருத்தரும் விட்டுட்டோம்."