பெட்டிக்குக் காது உண்டா?

லண்டனில் அபிப்பிராயக்காரர் என்றோர் இனம் உண்டு. எங்கும் தென்படும், வெம்பிளியில் கொஞ்சம் அதிகம். சோபாவின் நடுவில் ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கும். நீங்கள் கேட்கவே வேண்டாம், தானாகவே சொல்லும்.

நம் சபாரத்தினம் அந்த இனத்தில் அசல். பெற்றோல் ஸ்டேஷனில் காலை ஷிப்ட் முடித்து வந்து, சப்பாத்தைக் கழற்றுமுன் தொலைக்காட்சியைப் போட்டு, வானிலை சொல்பவன் மழைக்கு ஏன் சிரிக்கிறான் என்று தொடங்கி, பாராளுமன்றக் கூச்சலுக்கு "மீன்சந்தையில இதைவிட ஒழுங்கு இருக்கு" என்று தீர்ப்பளித்து, தொடர்நாடகத்தில் ஒருவரும் வீட்டில் சமைக்காமல் பப்பில் நின்று அழுவதைக் கண்டித்து, முகம் கழுவப் போன இடத்தில் சுடுநீருக்கு ஒன்று, குளிர்நீருக்கு ஒன்று என்று தனித்தனியாக நிற்கும் குழாய்களைப் பார்த்தும் குரல் கொடுப்பார்.

"கொதிதண்ணியையும் பச்சைத்தண்ணியையும் ஒரு குழாயில சேர்க்கத் தெரியாத வெள்ளைக்காரங்கள், எங்களையும் சிங்களவனையும் ஒரு நாட்டில சேர்த்துப்போட்டுப் போயிருக்கிறாங்கள்!"

இந்த வாயை யாரால் அடைக்க முடியும்? ஒரு பெட்டியால் முடிந்தது.

தொண்ணூற்றொன்றில், எந்த வீட்டில் எந்த நிகழ்ச்சி பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கம்பனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். வாசலில் நிற்கும் வெள்ளைக்காரிக்கு இல்லை என்று சொல்ல நம்மவருக்கு வருமா? "யெஸ், யெஸ்" என்று கையெழுத்து வைத்தார். மறுவாரம் தொலைக்காட்சியின் மேல் சின்னப் பெட்டி ஒன்று ஏறியது. அவருக்கு ஒரு பொத்தான், மனைவி சிவனேஸ்வரிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று. பார்க்க உட்காரும்போது அமுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? சபாரத்தினத்தின் அகதி விண்ணப்பம் நாலு வருஷமாக ஹோம் ஒஃபிஸ் என்ற உள்நாட்டு அமைச்சில் கிடந்தது. இருக்க விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா என்று தெரியாமல், தபால்காரனின் காலடிச் சத்தத்துக்கே நெஞ்சு இடிக்கும் மனிதர் அவர்.

"இஞ்சேரும், இது அவங்கட காது" என்று மனைவியிடம் மெல்லச் சொன்னார்.

அதன்பின் டிசம்பர் இருபத்தைந்தில் மகாராணியின் நத்தார் உரையை எழுந்து நின்று கேட்டார். தேர்தல் பிரசாரத்தில் மூன்று கட்சிக்கும் ஒரே அளவாகத் தலையாட்டினார். மூன்றாம் மாடி பிளாட்டில் இருந்துகொண்டு ரோசாச்செடி கத்தரிக்கும் நிகழ்ச்சியை வாய் பிளந்து பார்த்தார். சிவனேஸ்வரி பார்க்கும் தொடர்நாடகம் நிறுத்தப்பட்டது. ஒழுக்கமில்லாத குடும்பம் என்று எழுதிவிட்டால்?

இல்ஃபோர்டிலிருந்து வந்த நண்பர் யாக்கோப்பு அரசாங்கத்தைத் திட்ட வாயெடுத்தபோது, சபாரத்தினம் பாய்ந்து, பெட்டிக்குக் கேட்கும்படி "வெரி குட் கவர்ன்மென்ட்! வெரி குட் வெதர்!" என்றார். வெளியே ஆலங்கட்டி மழை.

"அண்ணைக்குக் காய்ச்சலோ?" என்று யாக்கோப்பு சிவனேஸ்வரியிடம் விசாரித்தார்.

பெட்டியைச் சரிபார்க்க வந்த கம்பனிக்காரனிடம், நாங்கள் பேசுவது இதற்குக் கேட்குமா என்று சிவனேஸ்வரிதான் நேரே கேட்டார். அதற்குக் காது கிடையாது, சானலை மட்டும்தான் குறிக்கும் என்றான். பிறகு சபாரத்தினத்தின் பக்கம் திரும்பி, எங்கள் நாட்டுத் தொலைக்காட்சி பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன என்று ஒரு மரியாதைக்குக் கேட்டான். இத்தனை வருஷத்தில் ஒரு வெள்ளைக்காரன் அவரிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வெரி நைஸ்" என்றார் சபாரத்தினம். "எல்லாம் வெரி நைஸ்."

மே மாதம் கடிதம் வந்தது. இருக்கலாமாம். சிவனேஸ்வரி இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். சபாரத்தினம் கதவடியிலேயே குந்தியிருந்து விம்மி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"நாலு வருஷம் எடுத்தவங்கள், கொஞ்சம் நல்ல கடதாசியில அடிச்சிருக்கலாம்."

"அது கிடக்கட்டும். முதல்ல என்ர நாடகத்தைப் போடுங்கோ" என்றார் சிவனேஸ்வரி.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சோபாவில் உங்கள் அபிப்பிராயம் எவ்வளவு உரத்து வரும் என்று எனக்குத் தெரியும். யார் வாசலுக்கு வந்தால் அது 'வெரி நைஸ்' ஆகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னால் போதும்.