தொடருது சேச்சி

வந்த ஆளைத் திருப்பி அனுப்புவதற்காகவே கடை திறந்து வைத்திருப்பவர் கொச்சியில் ஒருத்தர் உண்டென்றால், அது தொடருது சேச்சிதான். மட்டாஞ்சேரி பஜாரில் மிளகுக் கிடங்குக்கு மேலே மாடியறை. ஒரு கட்டில், ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, ஒரு மின்சாரப் பெட்டி. முகத்தில் வேண்டாத முடியின் வேருக்குள் மெல்லிய ஊசியை இறக்கி, மின்சாரம் விட்டு, இனி அது முளைக்காதபடி செய்வது அவர் தொழில். வாசல் போர்டில் எலெக்ட்ரோலிசிஸ் என்று எழுதியிருக்கும். அதைப் படித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் படியிறங்கிவிடுவார்கள். மீதிப் பேரைச் சேச்சியே அனுப்பிவிடுவார்.

தொடருது என்ற பட்டப்பெயரை வைத்தவள் நான். அது உண்மையில் என் முட்டாள்தனத்தின் பெயர்.

எனக்கு முகவாயில் முடி. பதினெட்டு வயதில் ஆரம்பித்தது. ஹார்மோன் என்றார் டாக்டர், மாத்திரை தந்தார். முளைத்தது முளைத்ததுதான். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று ட்வீசரால் பிடுங்க வேண்டும். கும்பகோணத்தில் பிடுங்கினேன். கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்து இங்கேயும் பிடுங்கினேன். நான் கணக்கு டீச்சர். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிப் போர்டில் எழுதும் நேரம்தான் நிம்மதி. பதினாறு வருடத்தில் வெட்கம் போய், கோபம் போய், வெறும் அலுப்பு மட்டும் மிச்சம். ஒரே ஒரு நாள் கண் விழித்ததும் முகவாயைத் தடவிப் பார்க்காமல் எழுந்திருக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

முதல் நாள் சேச்சி என்னைக் கட்டிலில் ஏற்றவே முக்கால் மணி நேரமாயிற்று.

"பேஸ்மேக்கர் உண்டோ?"

"எனக்கு முப்பத்திநாலு வயசுதான் சேச்சி."

"வயசு வேண்டா. உண்டோ, இல்லயோ?"

"இல்ல."

"ஷுகர்? புண்ணு வந்தா ஆறான் தாமசம் உண்டோ?"

அதுவும் இல்லை என்றேன். கையைக் கழுவினார், உறை மாட்டினார். புது ஊசியின் கவரை என் முகத்துக்கு நேரே பிடித்து, அதிலிருந்த தேதியை உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகுதான் கிழித்தார். அன்றைக்குப் பத்தே முடிகள். தோல் எப்படித் தாங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மீதி என்றார். நான் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தேன்.

அந்தச் சமயம் திருப்பூணித்துறையிலிருந்து ஓர் அம்மாளும் பெண்ணும் வந்தார்கள். பதினைந்து நாளில் கல்யாணம், அதற்குள் முடித்துத் தர வேண்டுமாம்.

"எல்லா முடியும் ஒரே சமயத்து வளராது மோளே," என்றார் சேச்சி. "இன்னிக்கு உறங்குற முடி அடுத்த மாசம் எழும்பி வரும். ஒரு கொல்லம் வேணும்."

"மண்டபம் பிடிச்சாச்சே," என்றார் அம்மாள்.

"அப்போ மண்டபத்துக்குப் போ. இங்க எந்தினா வந்நே?"

ஒரு வருஷம் ஆகும் என்று கேட்ட எனக்கும் கண் இருட்டியது. ஆனால் பதினாறோடு ஒன்று கூட்டினால் பதினேழுதானே என்று படுத்துக் கிடந்தேன். சுருக் சுருக்கென்று எறும்பு கடிக்கிற வலி. இதில் கீழே மூட்டை இறக்கினால் மேலே எங்களுக்குத் தும்மல் வரும். ஊசி உள்ளே இருக்கும்போது தும்மினால் வம்பு. அதனால் சேச்சி ஜன்னல் வழியே, "சேட்டா, அஞ்சு மினிட்டு," என்று குரல் கொடுப்பார். சுமைக்காரர்கள் தலையில் சாக்கோடு அப்படியே நிற்பார்கள். என் ஒரு முடிக்காக மட்டாஞ்சேரியின் மிளகு வியாபாரமே நின்றிருக்கிறது.

முடிந்ததும் புத்திமதிகள். ஐஸ் ஒற்ற வேண்டும். வெயில், வியர்வை, வெந்நீர் ஆகாது. பொருக்குத் தட்டினால் கிள்ளக் கூடாது. பிடுங்கினால் இந்தப் பக்கம் வரவே கூடாது. அவசரமானால் கத்திரியால் வெட்டிக்கொள்ளலாம். தினமும் பயத்தமாவில் மஞ்சள் குழைத்துப் பூசுவேனே, அது எப்படி என்று கேட்டேன்.

"மூணு திவசம் மஞ்சள் தொடருது," என்றார். "கையும் தொடருது."

மட்டாஞ்சேரிக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மலையாளம் என்ன, கொஞ்சம் மூக்கால் பேசும் தமிழ்தானே என்ற திமிர் எனக்கு. மஞ்சள் தொடரட்டும் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கை எதற்குத் தொடர வேண்டும் என்று புரியவில்லை. சரி, கையாலேயே தேய்க்கச் சொல்கிறார் போலிருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த என் வீட்டுக்காரரைக் கேட்டிருக்கலாம். ஆனால் முகவாய் சமாசாரம் அவருக்குத் தெரியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. மூன்று நாளும் பொருக்கு உதிர உதிரத் தேய்த்தேன்.

நாலாம் நாள் முகவாய் சிவந்து வீங்கி, சீழ் வைத்துவிட்டது. துப்பட்டாவால் மூடிக்கொண்டு மாடியேறினேன்.

"எந்தா மோளே இது?"

"நீங்க சொன்னபடிதான் செஞ்சேன் சேச்சி. மஞ்சள் தொடருதுன்னீங்க. தொடர்ந்து பூசினேன்."

சேச்சி தன் முகவாய்க்கு விரலைக் கொண்டுபோய், மற்றக் கையால் அந்த விரலைத் தட்டிவிட்டார்.

"தொடருது எந்நா... தொடக் கூடாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முடியாவது பிடுங்கினால் போகும். கறுப்புத் தழும்பு விழுந்துவிட்டால் எதை வைத்துப் பிடுங்குவது? சொன்னதைக் கேட்காதவர்களைச் சேச்சி இரண்டாம் தடவை படியேற்றியதில்லை. நானே பையை எடுத்துக்கொண்டேன். அவரும் எடுத்துக்கொண்டார். கதவைப் பூட்டி, என் கையைப் பிடித்துத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போய், வரிசையில் என்னோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். டாக்டர் என்னைத் திட்ட ஆரம்பித்தபோது குறுக்கிட்டு, "தெற்று என்டெயா டாக்டர்," என்றார். தப்பு என்னுடையது என்று அர்த்தம். அந்த மலையாளம் எனக்குச் சரியாகவே புரிந்தது.

அதிலிருந்து தினமும் காலையில் தன் வீடிருக்கும் வைப்பின் தீவிலிருந்து போட் ஏறுவதற்கு முன் போன் செய்வார்.

"தொட்டோ?"

"இல்ல சேச்சி."

"வெயிலத்துப் போயோ?"

"குடை பிடிச்சேன்."

"சரி," என்று வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை உண்டு, ஓணத்தன்றும் உண்டு. இரண்டு மாதத்தில் தழும்பு மங்கி மறைந்தது. மறுபடி கட்டிலில் படுத்த அன்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. என்னைப் போன்ற தமிழ்க்காரிகளுக்காக யாரிடமோ கேட்டுத் தன் கையாலேயே எழுதியிருந்தார்: "மூனு நால் தொடக் கூடது." நான் டீச்சர். ஆனாலும் திருத்தவில்லை.

ஒன்றரை வருடம், பெரும்பாலான வெள்ளிக்கிழமைகளில் பள்ளி விட்டு நேரே அங்கேதான். கடைசி நாளில் பூதக்கண்ணாடியை இடம், வலம், கழுத்து என்று நகர்த்திப் பார்த்தவர் விளக்கை அணைத்தார்.

"கழிஞ்ஞு. இனி வரண்டா." முடிந்துவிட்டதாம், இனி நான் வர வேண்டாமாம்.

மறுநாள் எழுந்தேன், காபி போட்டேன், பஸ் ஏறினேன். தோப்பும்படி ஸ்டாப் வந்த பிறகுதான் முகவாயைத் தொடவே இல்லை என்று ஞாபகம் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் சிரித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் கால் தானாக பஜார் பக்கம் நடந்தது. படிக்கட்டின் கீழே நின்றேன். மேலே சேச்சி யாரையோ திட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஏறிப்போய்ச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. முகவாயில் இன்னும் நாலு முடி இருந்திருக்கலாம் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தேன்.