ஜெர்மன்காரர் வரைந்த ஆடிக் கிருத்திகை

"பள்ளிப்பட்டு பஸ்ஸு வர்ற நேரமாச்சு. சொவுரப் பாருங்க, வாயப் பொளந்துகினு கீது."

மனைவி அம்சா சொன்னதும் கோதண்டபாணி அண்ணாந்து பார்த்தார். கூடத்துச் சுவரில் காரை முறம் அளவுக்குப் பெயர்ந்து, செங்கல் பல்லிளித்தது. திருத்தணி மலையடிவாரத்தில் லாட்ஜ் நடத்துகிறவர்தான். ஆனால் கொத்தனாருக்குக் கூலி கொடுப்பதென்றால் உயிர் போகும். இன்று மகள் தமயந்தியைத் தன் மகனுக்குப் பெண் பார்க்க வருகிற ஆதிகேசவன் தறிக்கூட முதலாளி. இந்த ஓட்டையைப் பார்த்தால் சம்பந்தம் போச்சு.

"லாட்ஜ்ல தங்கின ஜெர்மன்காரன் ஒரு படம் குடுத்தானே, அத்த எடு."

படம் ஓட்டையைக் கச்சிதமாக மூடியது. தகட்டில் கீறி, மசி பூசி அச்செடுத்ததாம். அவனுடைய பட்டணத்துத் தெரு. வீடெல்லாம் குடித்தவனைப் போலச் சாய்ந்து நின்றன. மொட்டைத் தலை ஆண்கள் வாயில் சுருட்டு. தொப்பி போட்ட பெண்கள் விளக்குக் கம்பத்தில் சாய்ந்து, போகிற வருகிறவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அரிவாளால் வெட்டி வைத்தது போல முகங்கள்.

"நிக்கற நிப்பே சரியில்லியே," என்றாள் அம்சா. "வரப்போற சம்பந்தி சாமி படத்தத் தவிர வூட்ல வேற படமே மாட்டாதவராம்."

"தல மொட்டையா கீதா இல்லியா? திருத்தணியில மொட்டன்னா இன்னா அர்த்தம்?"

படத்தின் கண்ணாடியைக் கழற்றினார். மகளின் மை டப்பாவை எடுத்தார்.

"நைனா, எனக்கு மை வேணும்."

"மொதல்ல சாமிக்கு, அப்புறம் உனக்கு."

தொப்பிகள் பால்குடம் ஆயின. சுருட்டுகள் இருபுறமும் நீண்டு, கன்னத்தில் குத்திய அலகு ஆயின. குழைத்த விபூதியில் ஆளுக்கொரு பட்டை.

"கம்பத்துல சாஞ்சிகினு கீறாளே, அவ?"

"விரதம். களச்சிப் போயிட்டா."

ஆதிகேசவன் மனைவியோடு வந்தார். பெண்ணைப் பார்க்கவில்லை, பஜ்ஜியைப் பார்க்கவில்லை. படத்தின் முன்னால் போய் நின்றார்.

"இது எந்தத் தெரு?"

"நம்ம ஆடிக் கிருத்திகைங்க. ஒரு ஜெர்மன்காரரு மலைக்கு வந்து, உருகி வரஞ்சாரு."

ஆதிகேசவன் கண்ணில் நீர் தளும்பியது. கை தானாகக் குவிந்தது. "வேற சீரே வாணாம் சம்பந்தி. இந்தப் படத்தக் குடுத்துடுங்க."

கோதண்டபாணி பாய்ந்துபோய்ச் சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றார். "பூசையில கீற படங்க. எடுத்தா தோஷம்."

"பூசையில கீதா? அப்பக் கட்டாயம் எங்கூட்டுக்குத்தான் வரணும்."

இருவரும் இழுத்த இழுப்பில் படம் கையோடு வந்தது. கூடவே மீதிக் காரையும் கொட்டியது. கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது, தலையெல்லாம் சுண்ணாம்போடு ஆதிகேசவன் படத்தை மார்போடு அணைத்து நின்றார். சுவர் இருந்ததா இல்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை.

"தை மாசமே முகூர்த்தம் வச்சிக்கலாம்," என்றார்.

அம்சாவுக்கும் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாப்பிள்ளையின் தாய் கன்னியம்மாளிடம், "அண்ணனுக்கு எம்மாம் பக்தி அண்ணி," என்றாள்.

கன்னியம்மாள் சாவகாசமாக வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள்.

"பக்தியா? நூலு எடுக்கப் போறேன்னு மாசாமாசம் மெட்ராஸு போவாரு. ஒருவாட்டி பின்னாடியே போய்ப் பாத்தேன் அண்ணி. இதே தெரு, இதே நிப்பு. பால்குடந்தான் இல்ல."