பலகையோடு திரிந்த ரிஜெக்ட் அண்ணன்

தன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, தன் கல்யாணச் சாம்பாரையே திருப்பி அனுப்பின மாப்பிள்ளை திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஒருத்தர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் மணவாள நகர் ரிஜெக்ட் அண்ணன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் பைப்பு செய்கிற ஒரு கம்பெனியில், வருகிற பைப்பைத் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, தேறாததன் மேல் 'ரிஜெக்ட்' என்று சிவப்பு சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவது அவர் வேலை. நான் அங்கே ஸ்டோர்ஸில் வேலை. போக வர ஒரே கம்பெனி பஸ்.

அந்தச் சாக்பீஸ் புத்தி வேலை முடிந்தும் விரலை விட்டு இறங்காது. முருங்கைக்காயை எல்லாரும்தான் முறுக்கிப் பார்க்கிறோம். அண்ணன் கறிவேப்பிலையை இலை இலையாகத் திருப்பிப் பார்ப்பார். அதுவும் கடைக்காரம்மா கொசுறாகப் போட்ட கறிவேப்பிலை.

"தானம் குட்த்த மாட்டைப் பல்லைப் புடிச்சிப் பாக்கக் கூடாதுண்ணே" என்றேன் ஒருநாள்.

"பாக்காம உட்டதாலதான் நைனா, ஊர்ல பல்லில்லாத மாடா கீது."

அப்படிப்பட்டவர் வீடு கட்டினார். ஒவ்வொரு செங்கல்லையும் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். மேஸ்திரி பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், இப்பிடியே தட்டிக்கினு இருந்தா கச்சேரிதான் நடக்கும், ஊடு எழும்பாது" என்றார். ஒருவழியாக எழும்பியது. ஹாலில் கூரைக்கு அடியில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதில் வட்ட வட்டமாக எல்இடி லைட்டுகளைப் பதிக்கச் சொன்னார். திருகினால் வெளிச்சம் குறைய வேண்டும், திருகினால் ஏற வேண்டும்.

இது படாடோபம் இல்லை. அண்ணிக்கு ஒத்தத் தலைவலி. சுளீரென்று வெளிச்சம் பட்டால் ஒரு பக்கத் தலையில் ஆணி இறங்கும். சாயங்காலம் ஹாலில் குந்தி, நாலு பேரோடு பேசிக்கொண்டே பூ கட்டுவது அவருக்கு உயிர். அதற்காகத்தான் அந்த ஹாலே.

ஆனால் செங்கல்லைத் தட்டின மனுஷன் ஒரே ஒரு சாமானைத் தட்டாமல் விட்டார். பழைய வீட்டிலிருந்து கழற்றின பேன் ரெகுலேட்டர் ஒன்று சும்மா கிடந்தது. "பேனைக் குறைக்கறது லைட்டைக் குறைக்காதா இன்னா? ரெண்டும் கரண்டுதானே" என்று எலக்ட்ரீஷியனிடம் சட்டம் பேசினார். அவர், "உங்க ஊடு சார்" என்று மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

கிரகப்பிரவேசத்தன்று சாயங்காலம் அண்ணன் ரெகுலேட்டரைத் திருகினார். மேலே இருந்த அத்தனை லைட்டுக்கும் குளிர் ஜுரம் கண்டுவிட்டது. சிலது நடுங்கியது, சிலது அணைந்து அணைந்து எரிந்தது. செல்போன் கேமராவை அதன் பக்கம் காட்டினால் கறுப்புக் கறுப்பாகப் பட்டை ஓடியது. அண்ணி நெற்றியைப் பிடித்துக்கொண்டு பின்கட்டு அறைக்குப் போய் விளக்கை அணைத்தார். அன்றிலிருந்து சாயங்காலமானால் அந்த இருட்டுதான் அவருக்கு வீடு.

"பொங்கல் வரைக்கும் பாக்கறேன்" என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டார். "அப்புறம் திருவாலங்காட்டுக்கு, எங்க அண்ணன் ஊட்டுக்குப் போயிடறேன். அங்க இன்னும் குண்டு பல்புதான் எரியுது."

கோபமாகச் சொல்லியிருந்தால் அண்ணன் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பார். சாதாரணமாகச் சொன்னதுதான் அவரை உலுக்கிவிட்டது.

லைட்டில்தான் குறை என்று முடிவு கட்டினார். அந்த ரெகுலேட்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஒரு மரப்பலகையில் திருகி, ஒயரும் பிளக்கும் வைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடை கடையாக ஏறினார். எந்த லைட்டைக் காட்டினாலும் பலகையில் மாட்டித் திருகுவார். நடுங்கும். "ரிஜெக்ட்" என்பார். பட்டணத்துக் கடைகளையும் விடவில்லை. ஒயர் தொங்கும் பலகையோடு திருவள்ளூர் ஸ்டேஷனில் நின்றவரை ரயில்வே போலீஸ்காரர் ஓரம் கட்டினார்.

"இன்னாய்யா இது?"

"லைட்டு செக் பண்றது சார்."

"எந்த லைட்டை?"

"எல்லாத்தையும்."

போலீஸ்காரர் அண்ணாந்து பிளாட்பார விளக்குகளைப் பார்த்தார். அண்ணன் விடாமல், செல் சார்ஜ் போடும் இடத்தில் பலகையைச் சொருகி, பையிலிருந்த லைட்டை மாட்டி நடுங்க வைத்தே காட்டினார். கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் போலீஸ்காரர், "எங்க ஊட்லயும் இதே பேஜாருதான், நல்லது கெடைச்சா சொல்லு" என்று அனுப்பிவைத்தார்.

அன்றைக்கு அவரோடு நானும் வீட்டுக்குப் போயிருந்தேன். ஊரில் ஒரு கம்பெனிக்கும் ஒழுங்காக லைட்டு செய்யத் தெரியவில்லை என்று அண்ணன் புலம்பிக்கொண்டிருந்தார். இருட்டு அறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்றீங்களே, அந்தப் பலகைய யாருன்னா செக் பண்ணாங்களா?"

அண்ணன் கக்கத்திலிருந்த பலகையை எடுத்து, முதல்முதலாக அதைத் தட்டிப் பார்த்தார்.

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் கும்மிடிப்பூண்டி பஜாரில் அண்ணன் வழக்கமாக ஏறும் ஒரு பாயின் எலக்ட்ரிக் கடைக்குப் போனோம். பழவேற்காட்டுக்காரர், வாய் ஓயாத மனுஷர். "வாண்ணே, பொண்ணு பாக்க வர்றா மாதிரி வாரத்துக்கு ஒரு தபா வர்ற, சம்பந்தம்தான் கூட மாட்டேங்குது" என்று ஆரம்பித்தவர், பலகையை அன்றுதான் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து அடங்கிப் போனார். "இது பேன் மோட்டாருக்குப் பொறந்ததுண்ணே. இத வச்சியா ஊரைச் சுத்தின?"

அண்ணன் பலகையைக் கவிழ்த்து ஓரமாக வைத்தார்.

எல்இடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவென்றே செய்த டிம்மர் ஒன்றை பாய் எடுத்தார். டப்பாவில் 'டிம்மபிள்', அதாவது குறைத்தால் குறையும், என்று போட்ட லைட்டாகவும் பொறுக்கினார். போடாததை எந்த டிம்மரில் மாட்டினாலும் அது அழும் என்றார். ஒரு லைட்டை மாட்டித் திருகினால் அதுவும் லேசாக நடுங்கியது. அண்ணன் முகம் செத்துப் போனது.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு பாக்கறியா? இதுல அது செல்லாது. ஒத்த லைட்டு டிம்மருக்குப் பாரம் பத்தாது. ஹால்ல எத்தினி எரியப் போவுதோ அத்தினியும் மாட்டிப் பாரு. எல்லாம் ஒரே கம்பெனியா இருக்கணும், ஆளுக்கொரு ஊர்க்காரனா இருந்தா ஆளுக்கொரு பேச்சு பேசும்."

கடைத் தரையிலேயே எல்லாவற்றையும் பரப்பி மாட்டினார்கள். வெள்ளை வெளேர் என்று இல்லை, சாயங்கால வெயில் நிறம். பாய் திருகத் திருக அத்தனையும் ஒரே மூச்சாகத் தணிந்தது. அடிமட்டத்தில் வைத்து அணைத்து, மறுபடி போட்டார்கள், திணறாமல் எரிந்தது. ரீங்காரம் இருக்கிறதா என்று அண்ணன் குனிந்து காது வைத்தார். கேமராவில் பட்டை இல்லை. ஆனாலும் "பாஸ்" என்று அவர் சொல்லவில்லை. "அவ சொல்லணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் கூடப் போய், ஹாலில் மாட்டியாகிவிட்டது. அண்ணன் வெளிச்சத்தை அடியோடு இறக்கி வைத்துவிட்டு அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி வழக்கம்போல நெற்றிக்குக் கையை அணை கொடுத்தபடி வந்து நிலைப்படியில் நின்றார். கை மெல்லக் கீழே இறங்கியது. நடந்து வந்து கோரைப்பாயில் உட்கார்ந்தார். மேலே பார்த்தார். அண்ணன் லைட்டைப் பார்க்கவே இல்லை. அண்ணியின் புருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா, வலிக்குதா?"

அண்ணி பூக்கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்றார்.

"வேணாம்மா. இது போதும்."

"ஏத்துங்க. உங்க மூஞ்சே தெரியல."

அண்ணன் குமிழில் கை வைத்தார். தொட்டிலில் தூங்குகிற குழந்தையின் போர்வையை விலக்குகிற மாதிரி, அவ்வளவு மெதுவாகத் திருகினார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கினேன். அந்த மனுஷன் முகத்தில் வெளிச்சம் ஏறுவதை முதலில் பார்க்க வேண்டியவர் அண்ணிதான்.