விசா வாத்தியாரின் ஒரு மணி வகுப்பு

விசா என்று ஒன்று உலகத்தில் இருக்கும்வரை, அதைத் திட்டுவதற்கு விசா வாத்தியாரைவிடத் தகுதியான ஆள் பிறக்கப்போவதில்லை. எங்கள் திருவள்ளூர் தெருவில் அவருக்கு நிஜப்பெயர் ஒன்று இருந்தது. அவருடைய பாஸ்போர்ட்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன ஊரில் ஆறு வருஷமாகக் கணக்கு வாத்தியார். நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதைப் பெயர் சொல்லித் திட்டும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்பது அவர் கொள்கை. எழுபதுகளின் நடுவில், அண்ணன் மகள் கல்யாணத்துக்காக நாற்பத்தைந்து நாள் லீவில் வந்தார். கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய தலைமை ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. வெளிநாட்டு ஆசிரியர்களுக்குச் சட்டம் மாறிவிட்டது, திரும்பி வரக் கொடுத்த அனுமதி செல்லாது, புதிதாக மனுப் போட வேண்டும். பரீட்சைக்கு இன்னும் எட்டு மாதம்தான். கடைசி வகுப்புப் பிள்ளைகள் முப்பத்துமூன்று பேருக்கும் கணக்கு நடத்த வேறு ஆளில்லை. சீக்கிரம் வாருங்கள்.

"நான் கெளம்பறப்போ ஒரு ரூலு, ஊட்டாண்ட வந்து எறங்கறதுக்குள்ள இன்னொரு ரூலா? சட்டம்னா ஒரே எடத்துல நிக்க வாணாமா?" என்று அண்ணன் வீட்டு வாசலில் நின்று கேட்டார். எதிர்வீட்டுக்காரர் தன்னைத்தான் கேட்கிறார் என்று பயந்து, சைக்கிளை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

மனுவை மூன்று பிரதி டைப் அடிக்க வேண்டும். திருவள்ளூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்காரர் நான்காவது தடவையே பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார். "நான் அட்ச்சி முடிக்கறதுக்குள்ள உங்க ரூலு மாறிடுது சார். என்னால ஆவாது." அதற்குப் பிறகு வாத்தியார் கையில் சிக்கியவன் நான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். திருவள்ளூரிலிருந்து சென்னை போய், ரயில் மாறி, அவர் வந்து சேரப் பன்னிரண்டரை ஆகும். எனக்கும் சாப்பாட்டு நேரத்தில்தான் சொந்த வேலை ஓடும்.

மனுவோடு போட்டோ வைத்தோம். காது தெரியவில்லை என்று திரும்பி வந்தது. காது தெரிய எடுத்தார். இப்போது கண்ணாடி போட்டிருக்கக் கூடாதாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்தார். அது போய்ச் சேருவதற்குள், முகத்தில் எப்போதும் அணிவதை அணிந்துதான் எடுக்க வேண்டும் என்று இன்னொரு விதி. "எனக்கு காது ரெண்டும் இருக்கா இல்லியான்னு ஒரு கவுர்மெண்டுக்கு இன்னா கவலை, தம்பி? நான் கணக்கை வாயால சொல்லித் தரேன்" என்றார்.

ஊசி அடுத்தது. காலரா ஊசிக்கு ஆறு மாதம்தான் ஆயுள். சான்றிதழ் போய், மேஜைமேல் தூங்கி, யாராவது பிரித்துப் பார்க்கும்போது அது காலாவதியாகிவிடும் என்று முன்னெச்சரிக்கையாக இன்னொன்று போடச் சொன்னார்கள். இடது கை வீங்கி, சட்டைக் கை நுழையாமல், ஒரு வாரம் பாதிச் சட்டையோடு எங்கள் ஆபீஸுக்கு வந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு மனிதனை உள்ளே விடவும் மாட்டார்கள், வராதே என்று சொல்லவும் மாட்டார்கள். குத்திக்கொண்டு மட்டும் இருப்பார்கள்.

இதற்கெல்லாம் நடுவே அவர் செய்ததைத்தான் இன்றைக்குச் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

இங்கே ஒரு மணி என்றால் அங்கே காலை பத்தரை. அவருடைய கடைசி வகுப்புக்குக் கணக்குப் பாட நேரம் அது. ஒரு மணி அடித்தால் மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. முதல் நாள் என் மேஜையைச் சுற்றி நடந்தார். இரண்டாம் நாள் ஷெட்டுக்குப் பின்னால் போனார். அங்கே உலை ஆட்கள் பதினோரு பேர் சாப்பிட்டுவிட்டு கம்பிக் கட்டுகள்மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டுகளில் எண் போட வைத்திருந்த சாக்கட்டியை எடுத்து, ஒரு பழைய தகட்டில் முக்கோணம் போட்டு, பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.

"போர்ஷன் நிக்கக் கூடாது. நான் திரும்பிப் போறப்போ விட்ட எடத்துலேந்து புடிக்க முடியாது" என்று எனக்கு விளக்கம் வேறு.

வருகைப் பதிவேடும் அவரிடம்தான் இருந்தது. வேட்டிகளோடு சேர்த்துத் தவறிப்போய்ப் பெட்டியில் வைத்து எடுத்து வந்துவிட்டார். முப்பத்துமூன்றைப் பதினொன்றால் வகுத்தார். ஆளுக்கு மூன்று பிள்ளைகள்; அவர்கள் பெயரைக் கூப்பிட்டால் இவர்கள் உள்ளேன் ஐயா சொல்ல வேண்டும். உலை மேஸ்திரி முனுசாமிக்கு மோசஸ், ஜோசப், ரெபெக்கா. முனுசாமி ஆறடி ஆள். மீசை காதுவரை போகும்.

"மத்த ரெண்டும் சரி சார். பொம்பள பேருக்கு நான் எப்டி உள்ளேன் ஐயா சொல்றது? பசங்க சிரிக்கறானுங்கோ."

"அந்தப் பொண்ணு ஆறு மைலு நடந்து வருது, முனுசாமி. மூணு வருசத்துல ஒரு நாள் லீவு போட்டதில்ல. நீ போட வெச்சுடாத."

மறுநாள் முனுசாமி ரெபெக்காவுக்கும் சேர்த்தே உள்ளேன் ஐயா சொன்னான். வாத்தியார் ஞாயிறு தவிர எல்லா நாளும் வந்தார், மனு இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒருமுறை முனுசாமி மச்சினன் கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தான். சரியாக ஒரு மணிக்குப் பட்டு வேட்டியோடு வாட்ச்மேனைத் தாண்டி வந்து, மூன்று பேருக்கும் உள்ளேன் ஐயா சொல்லிவிட்டுப் பந்திக்கு ஓடினான்.

ஐந்து மாதம் இப்படிப் போனது. பிறகுதான் வந்தது எல்லாவற்றுக்கும் தலையாய விதி. மூன்று மாதத்துக்குமேல் பாடம் நடத்தாமல் இருந்த ஆசிரியருக்கு அனுமதி கிடையாது. கடிதத்தைப் படித்துவிட்டு வாத்தியார் திட்டவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. நிறுத்தி வைத்தவர்கள் அவர்கள். நின்றதற்குத் தண்டனை இவருக்கு. இதைக் கேட்க ஒரு ஆள் இல்லை. அந்த விதியை எழுதியவர் இன்றைக்கு எதிரில் வந்தாலும் நான் சும்மா விட மாட்டேன்.

"அவ்ளோதான் தம்பி. அதுங்க கணக்கு பரீட்சை எழுதாது" என்றார்.

சேதி கேட்ட முனுசாமி ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். "சார் எங்க நிறுத்தனாரு? தெனம் எங்க உசுர வாங்கிக்கினுதான கீறாரு? அதை எழுதி அனுப்பு சார்."

கம்பெனி தாளில் சான்றிதழ் அடித்து மானேஜரிடம் நீட்டினேன். அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது இரும்புக் கம்பெனியா, பள்ளிக்கூடமா? இவனுங்க இன்னா கத்துக்கினானுங்கோன்னு நான் கையெழுத்து போடறது?"

முனுசாமி வெளியே போனான். புகைபோக்கியின் நிழலையும் தன் நிழலையும் அளந்தான். தரையில் கரியால் என்னவோ எழுதினான். திரும்பி வந்து, "நம்ம பொகபோக்கி எழுவத்திரண்டு அடி சார்" என்றான். மானேஜர் வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். எழுபது அடி என்று இருந்தது.

"ரெண்டடி தப்பு" என்றார் மானேஜர்.

"அப்போ வரைபடம் தப்பு" என்றார் வாத்தியார், தன் விதி முழுக்க அந்த மனிதரின் பேனா முனையில் தொங்குவதை மறந்து. அன்று மாலை ஆள் விட்டு அளந்தார்கள். எழுபத்திரண்டு. மறுநாள் காலையில் கையெழுத்து விழுந்தது. கீழே பதினோரு பேரும் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

விசா வந்தது. பரீட்சைக்கு ஒன்பது வாரம் இருந்தது. புறப்பட வேண்டிய நாளிலும் இரண்டு ரயில் ஏறி வந்து, ஒரு மணிக்கு முப்பத்துமூன்று பெயரையும் கூப்பிட்டு, பதிவேட்டை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. பிறகு பதினைந்து நாள் அந்த ஆட்கள் ஒரு மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். நானும்தான்.

மூன்றாவது மாதம் கடிதம் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் கம்பிக் கட்டுமேல் உட்கார்ந்து எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். முதல் இரண்டு பக்கம், விமான நிலையத்தில் மாறியிருந்த புது விதியைப் பற்றிய வசவு. மூன்றாம் பக்கத்தில், முப்பத்துமூன்று பேரும் பரீட்சை எழுதிவிட்டார்கள் என்று இருந்தது. கடைசியில் நாலு வரி:

"இங்கே வந்து சேர்ந்த அன்றே பதிவேட்டின் அடியில் முப்பத்துநான்காவதாக முனுசாமி என்று எழுதிவிட்டேன். அவன் குரலைக் கேட்டுப் பழகிவிட்டது, விட முடியவில்லை. யார் என்று பிள்ளைகள் கேட்டார்கள், சொன்னேன். மறுநாளிலிருந்து அந்தப் பெயருக்கு ரெபெக்காதான் எழுந்து நின்று உள்ளேன் சொன்னாள்."

முனுசாமி கடிதத்தை வாங்கி, எழுத்தைப் பார்த்துவிட்டு, பத்திரமாக மடித்துக் கொடுத்தான்.

"பதில் எழுது சார்" என்றான். "பரீட்ச முடிஞ்சாலும் அந்தப் பொண்ணு இஸ்கூலு பக்கம் வந்தா, என் பேருக்கு சொல்லிட்டுப் போவ சொல்லு. எனக்கு ஒரு நாள்கூட லீவு வுழக்கூடாது."