முயல் வீட்டுக்குக் கட்டுக்கம்பி கட்டிய தூக்கணாங்குருவி

ஒரு காட்டில், மழைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, வெள்ளச்சி என்கிற முயல் வீடு கட்டத் தொடங்கியது. போன மழையில் வளைக்குள் வெள்ளம் புகுந்து இரண்டு குட்டிகள் செத்துப்போயின. மிச்சம் மூன்றையாவது காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் அதன் கவலை. அந்தக் கவலையோடு போய் யாரிடம் நின்றது? காண்டிராக்டர் நரியிடம். புத்தி எங்கே போயிற்றோ!

வீட்டின் மேல்தளத்துக்குக் கம்பி கட்ட வந்தது தூக்கணாங்குருவி. கம்பிகள் குறுக்கிடும் ஒவ்வொரு இடத்திலும் கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கியது. ஒரு மூலை முடிவதற்குள் நரி வந்து குதித்தது.

"என்ன, கூடு பின்னுறதா நெனப்பா? அங்கொண்ணு இங்கொண்ணு கட்டினா போதும்."

"கான்கிரீட் போடும்போது மேல மிதிப்பாங்கண்ணே. கட்டலேன்னா கம்பி விலகிடும், தளம் நிக்காது."

"முள்கம்பி போட்டா வேலின்னு தெரியும். ஒயர் இழுத்தா லைட்டு எரியும். இது உள்ள போய்ப் புதையுற சமாச்சாரம், எவன் பாக்கப்போறான்? இறங்கு கீழ!"

குருவியை விரட்டிவிட்டுக் குரங்குகளைக் கூட்டிவந்தது நரி. அவை ஒரு பீடி தீர்வதற்குள் வேலையை முடித்தன. மிச்சமான கட்டுக்கம்பியில் நரி தன் பெயர்ப்பலகையை வாசலில் கட்டியது. அதில் மட்டும் ஒரு முறுக்குக்கூடக் குறையவில்லை.

சோதிக்க வேண்டிய இன்ஜினியர் யானைக்கு மூட்டு வலியாம், ஏணி ஏறாதாம். "போட்டோ அனுப்பிடு" என்றது. குருவி கட்டிய மூலையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது நரி. பதிலுக்கு யானை கட்டைவிரல் போட்டது. விரலே இல்லாத ஜந்து!

கான்கிரீட் போட்டு, அது இறுகும்வரை தாங்கி நின்ற முட்டுகளைப் பிரித்த அன்றே தளம் இடிந்து விழுந்தது. குட்டிகள் வெளியே மேய்ந்துகொண்டிருந்ததால் தப்பின. வெள்ளச்சியின் பின்னங்கால் நசுங்கியது. குருவி கட்டிய மூலை மட்டும் அப்படியே நின்றது.

விசாரணை வைத்தார்கள். அதிகாரி யார்? அதே யானைதான்.

"மூணு மூலை ஒத்துமையா இறங்கியிருக்கு. இந்த ஒண்ணு மட்டும் பிடிச்சு நிறுத்தினதாலதான் தளம் கோணி ஒடைஞ்சிருக்கு. இதைக் கட்டினது யாரு?"

நரி குருவியைக் காட்டியது. மற்ற மூலைகளைக் கட்டியவர் யார் என்பதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. கட்டியிருந்தால்தானே கிடைக்கும்!

குருவியைக் காட்டைவிட்டே துரத்தினார்கள். மழை பிடித்தபோது வெள்ளச்சி மூன்று குட்டிகளோடு அந்த ஒற்றை மூலைக்கு அடியில்தான் ஒண்டியிருந்தது. மறுநாள் காலையில் 'ஆபத்தான கட்டடம்' என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். இடிக்கிற காண்டிராக்டும் நரிக்கே கிடைத்தது. கொட்டுகிற மழையில் தாயும் குட்டிகளும் வெட்டவெளிக்கு வந்தன.

நீதி: இடிந்த வீட்டில் இடியாமல் நிற்பது உன் வேலை மட்டும்தான் என்றால், மாட்டப்போவதும் நீ மட்டும்தான்.