நட்சத்திரத்தைச் சுற்றி வளைத்த வரிசை

மேடையில் என்னை எதிரணி வென்றதே இல்லை. ஒரே ஒருமுறை வீழ்த்தியவர்கள் நானே அழைத்த சாட்சிகள். இதை இன்றும் தலைநிமிர்ந்தே ஒப்புக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு விவாதப் போட்டி. வெல்பவர் பெங்களூருக்கு, மாநிலச் சுற்றுக்குப் போகலாம். அந்தப் பயணத்துக்கு எனக்குப் புதுச்சட்டையே தைத்தாகிவிட்டது (அடக்கம் அப்போது என் அளவுக்குக் கிடைக்கவில்லை). சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா, தம் ஷிப்ட் தோழர்கள் பத்துப் பேரோடு முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.

ஒளிரத் தொடங்கிய பெருநட்சத்திரம் மேலும் வாயுவைச் சேர்த்து வளருமா? வளராது என்பது என் கட்சி. "அதன் ஒளியே வாயுவை வெளியே தள்ளும்! வாசலிலேயே பிடித்துத் தள்ளுகிறவன் வீட்டுக்கு எந்த விருந்தாளி வருவான்?" என்று முழங்கினேன். கைதட்டலில் கூரைத் தகடு அதிர்ந்தது.

எதிரணிக் கலைச்செல்வி குரலை உயர்த்தவே இல்லை. "வாயு நேராக வந்து விழுவதில்லை. நட்சத்திரத்தைத் தட்டுப் போலச் சுற்றிச் சுற்றி, ஓரமாக உள்ளே சேர்கிறது. ஒளி மேலும் கீழுமாக வெளியேறிவிடுகிறது."

நிரூபித்துக் காட்டத் துணிந்தேன். அப்பாவையும் தோழர்களையும் மேடைக்கு அழைத்தேன். "நான் நட்சத்திரம், நீங்கள் வாயு. என்னிடம் வாருங்கள்!" என்று இரு கைகளையும் முன்னே நீட்டித் தள்ளத் தயாரானேன்.

இருபது ஆண்டுகளாகத் தினமும் வரிசையில் நின்று, கேஜ் என்னும் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் அவர்கள். முண்டியடிப்பது அவர்கள் உடம்பிலேயே இல்லை.

"இன்னா முட்டிக்கினு? லைன்ல வாங்க" என்றார் தோழர்களில் ஒருவரான முனுசாமி மாமா. வரிசை உருவானது, மைக்கைச் சுற்றி வளைந்தது, என் முதுகுப் பக்கம் போனது.

"நேராக வாருங்கள்!"

"நீதான் கைய நீட்டிக்கினு வழிய மறிக்கிறியே. சுத்திதான் வரணும்."

அப்பா என் விலாவைத் தொட்டார். "வந்துட்டோம்டா. அடுத்து இன்னா?"

கலைச்செல்வி எழுந்தாள். "நடுவர் அவர்களே, நான் சொல்ல வேண்டியதை என் நண்பரே செய்து காட்டிவிட்டார்."

பெங்களூருக்கு அவள் போனாள். அந்தப் புதுச்சட்டையை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டுக் கிழித்தேன்.

என் திருமண மேடைக்கும் அந்தப் பத்துப் பேரும் பின்பக்கமாகவே ஏறி வந்தார்கள். "இன்னா நட்சத்திரம், இன்னிக்காவது தள்ளுவியா?" என்றார் மாமா. புது மனைவி விவரம் கேட்டாள். அப்பா ஒன்றுவிடாமல் சொன்னார். அன்றிலிருந்து என் வீட்டில் யாரும் என்னிடம் நேராக வாதிடுவதில்லை. நான் முழங்கும்வரை முழங்க விட்டு, சுற்றி வந்து, காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள்.